அச்சின் கணக்கில் மறையும் சுமை

வட அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பரவலாகக் காணப்படும் மோட்டார்ஹோம், படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிவறை, தண்ணீர்த் தொட்டிகள், ஜெனரேட்டர் ஆகிய அனைத்தையும் ஒரே கூட்டுக்குள் வைத்துக்கொண்டு தன் சொந்த எஞ்சினால் நகரும் வீடாகும்; காருக்குப் பின்னால் கோத்து இழுக்கப்படும் காரவன் வண்டியிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுவது இந்தச் சொந்த எஞ்சின்தான். அமெரிக்காவில் இவ்வாகனங்களை ஏ, பி, சி என மூன்று வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். பேருந்து வடிவில் அமைந்த பெரியவை ஏ வகுப்பிலும், வேனின் கூட்டை மாற்றாமல் உட்புறத்தை மட்டும் வீடாக்கியவை பி வகுப்பிலும், வேனின் முன்பகுதியை வைத்துக்கொண்டு ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னே தனிக் கூடு கட்டப்பட்டவை சி வகுப்பிலும் அடங்கும். எஞ்சினும் சக்கரங்களும் அடிச்சட்டமும் ஒரு தொழிற்சாலையில் உருவாக, அதன்மேல் வீட்டைக் கட்டுவது வேறொரு நிறுவனமாக இருப்பதே ஏ, சி வகுப்புகளின் வழக்கம். அவ்வாறு கட்டும் நிறுவனங்களில் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில் குவிந்திருக்கின்றன. அடிச்சட்டம் செய்தவருக்கு அதன்மேல் சமையலறை எந்தப் பக்கம் வரும் என்பது தெரியாது. வீட்டைக் கட்டுபவருக்கு, அதை வாங்கும் குடும்பம் எதை எங்கே அடுக்கும் என்பது தெரியாது. இந்த இரண்டு அறியாமைகளின் விளைவையும் கடைசியில் தாங்குபவை டயர்கள்.

மோட்டார்ஹோமில் எடை சமமாகப் பரவாமல் போவது பெரும்பாலும் வரைபடத்திலேயே தொடங்கிவிடுகிறது. அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி ஆகியவற்றை ஒரே சுவரை ஒட்டி அமைத்தால்தான் குழாய்களும் கம்பிகளும் சுருக்கமாக அமையும் என்பதால், கனமான பொருள்கள் ஒரு பக்கமாகச் சேர்கின்றன. வண்டி நின்றபின் சுவரின் ஒரு பகுதியை வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் ஸ்லைடு-அவுட் அமைப்பை நியூமார் நிறுவனம் 1990இல் மோட்டார்ஹோமுக்குக் கொண்டுவந்தது; தளம், கூரை, பக்கச் சுவர், அவற்றை நகர்த்தும் மோட்டார், அதன்மேல் அமர்ந்திருக்கும் சோபா எனப் பல நூறு கிலோ எடையை அது ஒரே பக்கத்தில் சேர்த்துவிடக்கூடியது. ஜெனரேட்டரும் பேட்டரிகளும் தண்ணீர்த் தொட்டியும் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே பொருத்தப்படுகின்றன. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால், 50 அமெரிக்க காலன் கொள்ளும் தொட்டி நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 190 கிலோ கூடுதலாகிறது. அந்தத் தொட்டி படுக்கைக்குக் கீழே இடப்பக்க ஓரத்தில் இருந்தால், அந்த எடை முழுவதும் ஏறக்குறைய இடப்பக்கச் சக்கரங்களின் பங்காகிவிடுகிறது. குடும்பம் ஏற்றும் கருவிப்பெட்டியும் டின் உணவும் புத்தகங்களும் இதற்கு மேல் சேர்பவை.

முன்பின்னாக நிகழும் ஏற்றத்தாழ்வு இன்னும் கவனிக்கத்தக்கது. பல மோட்டார்ஹோம்களில் பின் அச்சுக்கு அப்பால் கூடு நெடுந்தூரம் நீண்டிருக்கும். பொருள் அடுக்கும் பெரிய அறையும் அங்கேதான் அமையும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 5 மீட்டர் உள்ள ஒரு வண்டியில், பின் அச்சுக்கு 2.5 மீட்டர் பின்னால் 100 கிலோ பொருளை வைத்தால், பின் அச்சில் கூடுவது 100 கிலோ அன்று, 150 கிலோ. அந்த மிகுதியான 50 கிலோ முன் அச்சிலிருந்து கழிகிறது. கிணற்று ஏற்றத்தின் பின்பக்கத்தை மிதித்தால் முன்பக்கம் எழும்புவதில் செயல்படும் அதே நெம்புகோல் விதிதான் இது. முன் சக்கரங்கள் சாலையை அழுத்தும் விசை குறைவதால் ஸ்டியரிங் பிடிப்பு தளர்ந்து, பக்கக் காற்றிலும் பெரிய லாரிகள் கடந்துபோகும்போதும் வண்டி அலைபாய்கிறது. இதற்கு ஸ்டியரிங் பாகங்களின் தேய்மானமே காரணம் என்று கருதி அவற்றை மாற்றிப் பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு.

இவ்வளவுக்கும் வரம்புகள் இல்லாமல் இல்லை. வண்டி, பயணிகள், சாமான், எரிபொருள், தண்ணீர் எல்லாம் சேர்ந்து எட்டக்கூடிய உச்ச எடை மொத்த வாகன எடை வரம்பு எனப்படும். ஒவ்வோர் அச்சும் தனித்தனியே தாங்கக்கூடிய உச்சம் அச்சு எடை வரம்பு எனப்படும். இவை இரண்டும், பரிந்துரைக்கப்பட்ட டயர் அளவும் காற்றழுத்தமும் சேர்த்து, ஓட்டுநர் இருக்கைக்கு அருகே ஒட்டப்பட்ட சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். 2008 முதல் அமெரிக்க விதிகள் இன்னொரு சீட்டையும் கட்டாயமாக்கின. பயணிகளும் சாமானும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்பதையும், தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் அதில் எவ்வளவு கழிந்துவிடும் என்பதையும் அது சொல்கிறது. மிகப் பயனுள்ள சீர்திருத்தம்தான். ஆயினும் இந்தச் சீட்டுகளில் எதுவும் இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. வாகன எடையைப் பற்றிய அரசு விதிகளும் விற்பனைப் பேச்சும் மொத்தங்களிலேயே நின்றுவிடுகின்றன. டயரோ மொத்தத்தை அறியாது, தன்மேல் இறங்கும் பங்கை மட்டுமே தாங்குகிறது.

அந்தப் பங்கை உண்மையில் சுமப்பது ரப்பர் அன்று, உள்ளே அடைக்கப்பட்ட காற்றேயாகும். ரப்பரும் நூலிழைகளும் எஃகு இழைகளும் அந்தக் காற்றைப் பிடித்துவைக்கும் உறையாக மட்டுமே பணிபுரிகின்றன. ஆகவே டயரின் தாங்குதிறன் நிலையான ஓர் எண் அன்று, அழுத்தத்தோடு ஏறி இறங்குவது. எந்த அளவு டயரில் எவ்வளவு காற்று இருந்தால் எத்தனை கிலோ தாங்கும் என்னும் அட்டவணைகளை அமெரிக்காவில் டயர் அண்ட் ரிம் அசோசியேஷன் வகுக்கிறது. ஒவ்வொரு டயர் நிறுவனமும் தன் தயாரிப்புகளுக்குரிய அட்டவணையை வெளியிடுகிறது. சி வகுப்பு மோட்டார்ஹோம்களில் மிகப் பரவலாக உள்ள எல்டி225/75ஆர்16 என்னும் அளவை எடுத்துக்கொண்டால், எல்டி என்பது இலகுரக டிரக்குக்கானது என்பதையும், 225 என்பது மில்லிமீட்டரில் அகலத்தையும், 75 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பதையும், ஆர் என்பது ரேடியல் கட்டமைப்பையும், 16 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டத்தையும் குறிக்கும். அதன் இ சுமைத்தர டயரில் 115/112 என்று இரண்டு எண்கள் சேர்ந்தாற்போல் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண், தனி டயராக 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 1,215 கிலோ தாங்கும் என்பதையும், இரண்டாம் எண், அச்சின் ஒரே முனையில் அருகருகே பூட்டிய ஜோடி டயர்களில் ஒன்றாக இருக்கும்போது 1,120 கிலோ மட்டுமே தாங்கும் என்பதையும் குறிக்கின்றன. பி.எஸ்.ஐ. என்பது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகாகும். இதே அளவு டயரில் 65 பி.எஸ்.ஐ. காற்று இருக்குமானால் தாங்குதிறன் முறையே 1,060 கிலோவாகவும் 975 கிலோவாகவும் குறைந்துவிடும். ஜோடி டயருக்கு ஏன் குறைவு என்றால், சாலையின் நடுமேட்டினாலும் சிறு அழுத்த வேறுபாடுகளாலும் இரண்டும் எப்போதும் சரிபாதியாகச் சுமப்பதில்லை. நெருங்கி ஓடுவதால் அவற்றின் இடையே வெப்பமும் எளிதில் வெளியேறுவதில்லை.

இப்போது மொத்தக் கணக்கு எப்படி ஏமாற்றுகிறது என்பதைப் பார்க்கலாம். சி வகுப்புக்கு அடிச்சட்டமாக அதிகம் பயன்படும் ஃபோர்டு ஈ-450 வண்டியின் பின் அச்சு வரம்பு 9,600 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 4,354 கிலோ. அந்த அச்சில் நான்கு டயர்கள். ஒவ்வொன்றும் ஜோடியில் 1,120 கிலோ என்றால் நான்கும் சேர்ந்து 4,480 கிலோ. அச்சு வரம்பைவிட டயர்களின் வரம்பு 126 கிலோ மட்டுமே அதிகம் என்பது முதலில் மனத்தில் கொள்ளவேண்டியது. ஒரு குடும்பத்தின் வண்டியை எடை மேடையில் நிறுத்தியபோது பின் அச்சில் 4,150 கிலோ காட்டியது என்று வைத்துக்கொண்டால், நான்கால் வகுக்க ஒரு டயருக்கு 1,037 கிலோ வருகிறது. அச்சு வரம்புக்குள் ஏறத்தாழ 200 கிலோ மிச்சத்தோடு இருப்பதாக உரிமையாளர் நிம்மதியடைவார். அதே அச்சின் இரு முனைகளையும் தனித்தனியே நிறுத்தி, இடப்பக்கம் 2,260 கிலோ, வலப்பக்கம் 1,890 கிலோ என்று தெரியவந்தால், இடப்பக்க ஜோடியில் ஒவ்வொரு டயரும் 1,130 கிலோ சுமக்கிறது, 80 பி.எஸ்.ஐ. முழுவதும் நிரப்பியிருந்தாலும் அது டயரின் வரம்புக்கு 10 கிலோ மேலேதான். சராசரியை நம்பிக் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்திருந்தால் மீறல் இன்னும் பெரிதாகும். அச்சு தன் முழு வரம்பான 4,354 கிலோவையும் சுமந்தால் நிலைமை மேலும் இறுகுகிறது: ஒரு பக்கத்தில் நூற்றுக்கு 51.4 பங்குக்கு மேல் சாய்ந்தாலே அந்தப் பக்க டயர்கள் தம் வரம்பைத் தாண்டிவிடும். ஸ்லைடு-அவுட்டும் சமையலறையும் ஒரே பக்கம் உள்ள வண்டியில் இவ்வளவு துல்லியமான சமநிலை தானாக அமையும் என்று எதிர்பார்க்க இயலாது.

முன் அச்சிலும் இதே கதைதான். 2,000 கிலோவை இரண்டால் வகுத்து 1,000 கிலோ என்று கொண்டு, 65 பி.எஸ்.ஐ. போதும் என முடிவு செய்பவர், ஓட்டுநர் பக்கம் 1,080 கிலோ இருப்பதை அறிந்தால் அந்த அழுத்தம் போதாது என்பதை உணர்வார்.

சுமைக்குக் காற்று போதாத டயரில் நடப்பது வெளியே தெரிவதில்லை. இந்த அளவு டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.3 மீட்டர் என்பதால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குப் பன்னிரண்டு முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் பக்கச்சுவரின் ஒவ்வொரு பகுதியும் தரைக்கு வரும்போது மடங்கிப் பின் நிமிர்கிறது. மடங்கும் ரப்பர், தன்மேல் செலவான ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை, எஞ்சியது வெப்பமாகிறது. காற்று குறைந்தால் மடிப்பு ஆழமாகி வெப்பம் கூடுகிறது; அது வெளியேறும் வேகத்தைவிட உண்டாகும் வேகம் மிஞ்சும்போது எஃகு இழைகளுக்கும் ரப்பருக்கும் இடையேயுள்ள ஒட்டு தளர்ந்து, தரையில் உரசும் மேலடுக்கு உரிந்து பிரியத் தொடங்குகிறது. பெரிய டயர்களின் பக்கச்சுவரிலும் எஃகு இழைகளே இருப்பதால், வளைந்து வளைந்து அவை ஒவ்வொன்றாக முறிந்து, பின்னொரு நாள் காற்று நிரப்பும்போது பக்கச்சுவர் நீளவாக்கில் வெடித்துப் பிளப்பதும் உண்டு. சுமைக்கு உரிய அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து ஓடிய டிரக் டயரைக் கழற்றி உள்ளே சோதிக்காமல் மீண்டும் காற்று பிடிக்கக் கூடாது என்று டயர்த் துறை வலியுறுத்துவது இதனால்தான். முன் டயர் வெடித்தால் வண்டி அந்தப் பக்கம் இழுபடும். பின் டயரிலிருந்து உரிந்த பட்டை, சக்கரத்துக்கு மேலுள்ள தளத்தையும் குழாய்களையும் கிழித்தெறியும்.

இந்த ஆபத்து வெறும் ஊகம் அன்று என்பதற்குப் பொதுப் பதிவில் உள்ள சான்று, குட்இயர் நிறுவனத்தின் ஜி159 என்னும் டயரைப் பற்றிய நீண்ட சர்ச்சையாகும். 275/70ஆர்22.5 அளவில் 1996 முதல் 2003 வரை தயாரான இந்த டயர்கள் பல மோட்டார்ஹோம்களில் பொருத்தப்பட்டன. மேலடுக்கு பிரிவதால் அவை உயிருக்கு ஆபத்து விளைவிப்பதாக அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கூறி வற்புறுத்தியதையடுத்து, 2022இல் ஏறத்தாழ 1,73,000 டயர்களைத் திரும்பப் பெற நிறுவனம் இணங்கியது. டயரில் குறைபாடு இல்லை என்பதும், காற்று குறைந்த நிலையிலோ அளவுக்கு மீறிய சுமையிலோ மோட்டார்ஹோமில் பயன்படுத்தும்போதே ஆபத்து நேர்கிறது என்பதும் நிறுவனத்தின் நிலைப்பாடாக இருந்தது. இரு தரப்பு வாதங்களில் எதை ஏற்றாலும், சுமையையும் காற்றையும் பற்றிய பிழை மோட்டார்ஹோமில் எளிதில் நேரக்கூடியது என்பதை அந்த மறுப்பே ஒப்புக்கொள்கிறது. அத்தகைய பிழைக்கு இடமளிக்காத அளவு தாங்குதிறன் மிச்சம் உள்ள டயரைத் தொடக்கத்திலேயே பொருத்துவது தயாரிப்பாளரின் கடமை என்று கருதுவதில் தவறில்லை.

இடப்பக்கம் கனமென்றால் அந்தப் பக்கம் மட்டும் காற்றைக் கூட்டிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால் டயர் நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை. ஓர் அச்சின் இரு முனைகளிலும் அழுத்தம் வேறுபட்டால் பிரேக் பிடிக்கும்போதும் திருப்பும்போதும் இரு பக்கமும் இருவேறு விதமாக நடந்துகொள்ளும். எனவே கனமான முனையின் எடைக்கு அட்டவணை சொல்லும் அழுத்தமே அந்த அச்சின் எல்லா டயர்களுக்கும் உரியது. ஜோடி டயர்களில் இந்தச் சமன்பாடு மேலும் கண்டிப்பானது: இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டப்பட்டு ஒரே எண்ணிக்கையில் சுழல வேண்டியவை. பெரிய டயர்களில் 5 பி.எஸ்.ஐ. வேறுபாடே சுற்றளவில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் வித்தியாசத்தை உண்டாக்கும். அப்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தூரம் ஒரு டயர் மற்றொன்றைச் சாலையில் தேய்த்திழுத்துக்கொண்டு போகிறது. உள் டயரின் வால்வு கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதால் வெளி டயரை மட்டும் சோதித்துவிட்டுப் போகும் பழக்கம் எங்கும் உள்ளது. உள் டயர் காற்றிழந்து வெளி டயர் இருமடங்கு சுமப்பதை வெளியிலிருந்து பார்த்து எளிதில் அறிய முடியாது.

பக்கச்சுவரில் பொறித்துள்ள அழுத்தம், உச்சச் சுமையைத் தாங்குவதற்கு வேண்டியதே தவிர, எல்லா வண்டிக்கும் விதிக்கப்பட்டது அன்று. சுமைக்கு மிஞ்சிய காற்று நிரப்பினால் டயர் தரையில் படியும் பரப்பு சுருங்கி, பிரேக் பிடிப்பு குறைந்து, ஒவ்வொரு குழியின் அதிர்வும் வீட்டுக்குள் இறங்கும். அழுத்தத்தை அளக்க வேண்டியது டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு. ஓடும்போது சூட்டால் அழுத்தம் உயர்வதை அட்டவணை முன்கூட்டியே கணக்கில் கொண்டிருப்பதால், சூடான டயரிலிருந்து காற்றைத் திறந்துவிடுவது பெரும் பிழை. பருவமும் இடமும் மாறும்போது மறுபடி சரிபார்ப்பது அவசியம்: 20 டிகிரி செல்சியஸ் காலையில் 80 பி.எஸ்.ஐ. வைத்த டயர், உறைநிலைக் காலையில் ஏறத்தாழ 73 காட்டும். காற்று கசியவில்லை, சுருங்கியிருக்கிறது.

எடை பார்ப்பது கடினமான வேலையும் அன்று. அமெரிக்காவின் லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் மேடைகள், முன் அச்சு, பின் அச்சு, இழுவை வண்டி என்று தனித்தனித் தட்டுகளில் எடை காட்டி அச்சிட்ட சீட்டும் தருகின்றன. சக்கர வாரியாக அறிய எஸ்கேப்பீஸ் என்னும் மோட்டார்ஹோம் பயணிகள் சங்கம் நடத்தும் ஸ்மார்ட்வே போன்ற சேவைகள் உள்ளன. ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் தனித் தராசு வைத்து அங்கே எடை எடுக்கிறார்கள். அந்த வசதி எட்டாத இடத்தில், சுற்றியுள்ள தரை மேடையின் மட்டத்திலேயே சமமாக இருக்குமானால், வண்டியின் ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி நிறுத்தி எடை எடுத்து, முழு எடையிலிருந்து கழித்து மறுபக்கத்தைக் கண்டுகொள்ளலாம். பயணத்தில் எப்படியோ அப்படியே எடை பார்க்க வேண்டும்: எரிபொருள் நிறைந்திருக்க வேண்டும், தண்ணீர் வழக்கமாகக் கொண்டுபோகும் அளவு இருக்க வேண்டும், குடும்பத்தினர் தத்தம் இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும்.

எடை தெரிந்தபின் செய்யக்கூடியது பெரும்பாலும் இடமாற்றம்தான். மேலே கண்ட உதாரண வண்டியில், இடது சக்கரங்களுக்கு மேலுள்ள 100 கிலோ பொருளை வலது சக்கரங்களுக்கு மேல் மாற்றினால் இடப்பக்க டயர் ஒவ்வொன்றும் 1,080 கிலோவுக்கு இறங்கிவிடும். பேட்டரிகளை மறுபக்கம் மாற்றுவது, முகாம் இடத்தில் குழாய்த் தண்ணீர் கிடைக்கும் எனத் தெரிந்தால் தொட்டியைக் காலியாக வைத்துப் புறப்படுவது ஆகியவை பலன் தரும். சாய்ந்து நிற்கும் வண்டிக்குக் காற்றுப் பைகள் பொருத்தினால் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் அச்சு வரம்பும் உயர்வதில்லை, டயரின் வரம்பும் உயர்வதில்லை, சாய்வு கண்ணுக்கு மறைவதால் உரிமையாளர் மேலும் ஏற்றிவிடும் அபாயமே மிச்சம்.

ஐரோப்பாவில் சிக்கலின் வடிவம் சற்று வேறு. அங்கே சாதாரணக் கார் உரிமத்தோடு ஓட்டுவதற்கு ஏற்றவாறு 3.5 டன் வரம்புக்குள் கட்டப்பட்ட ஃபியட் டுகாட்டோ வகை வண்டிகளே மிகுதி. பின் அச்சில் ஜோடி டயர் இல்லாமல், சி.பி. என்று பொறித்த முகாம் வண்டிக்கான டயர்கள் தனித்தனியே சுமக்கின்றன. நெடுநாள் நின்றபடியே முழுச் சுமை தாங்குவதற்காக வலுப்படுத்தப்பட்ட இந்த டயர்களுக்குப் பின் அச்சில் 5.5 பார், அதாவது ஏறத்தாழ 80 பி.எஸ்.ஐ. காற்று பரிந்துரைக்கப்படுகிறது.

நெடுநாள் நிற்பது என்பதே மோட்டார்ஹோம் டயரின் தனித் துன்பம். லாரியின் டயர் தேய்ந்து சாகிறது. மோட்டார்ஹோமின் டயர், பள்ளங்கள் புதிதுபோல் இருக்கும்போதே, வெயிலாலும் ஓசோனாலும் வெடிப்பு விட்டு மூப்படைந்து சாகிறது. பக்கச்சுவரில் டாட் என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்; 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்தாண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் நிபுணரிடம் காட்டுவதும், பத்தாண்டுக்கு மேல் எதையும் ஓட்டாமலிருப்பதும் மிஷெலின் நிறுவனத்தின் அறிவுரை.

வால்வில் திருகப்படும் உணரிகள் மூலம் ஒவ்வொரு டயரின் அழுத்தத்தையும் சூட்டையும் ஓட்டுநருக்குக் காட்டும் கண்காணிப்புக் கருவி, ஜோடியின் உள் டயர் உட்பட எல்லாவற்றுக்கும் பொருத்தக்கூடியது. கார்களுக்கு இக்கருவியைக் கட்டாயமாக்கிய அமெரிக்க விதி 4,536 கிலோவுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கும் ஜோடிச் சக்கரம் உள்ளவற்றுக்கும் பொருந்தாது. அதனால் பெரிய மோட்டார்ஹோம் வைத்திருப்போர் தாமே வாங்கிப் பொருத்த வேண்டியிருக்கிறது. ஆனால் வைத்த காற்று குறைகிறதா என்பதை மட்டுமே அக்கருவி அறியும். எத்தனை கிலோவுக்கு அந்தக் காற்று வைக்கப்பட்டது என்பது, சக்கர வாரியாக எடை பார்த்த சீட்டில்தான் இருக்கும். புதிய பேட்டரியோ அலமாரியோ சேர்க்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்தச் சீட்டு பழையதாகி, புதிதாக எடை எடுக்க வேண்டியதாகிறது.